முதுகுவலி, மாற்று வைத்தியம், தாதியர்: என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்கு இடுப்புவலி வந்து 11 வருடமாகிறது. அதற்கு முன்னால் 20 வருடம் சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கிய உடம்பு இது. என் அக்கா அரசு மருத்துவமனையில் 30 வருடத்துக்கும் மேல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இரண்டும் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் இங்கே சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே உட்கார்ந்தாலும், கோவில் அன்னதான வரிசையில் நின்றாலும், தேக்கா சந்தையில் காய்கறி வாங்கினாலும் யாராவது ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்பார். கேட்பது பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்ததையும் அக்கா திருத்திக் கொடுத்ததையும் பதிலாகப் போட்டிருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடமோ தாதியிடமோ போய் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு இது உதவினால் போதும்.

அண்ணே, எத்தனை நாள் வலிச்சா அதை நாள்பட்ட வலின்னு சொல்லுவாங்க?

12 வாரம், அதாவது மூன்று மாதத்துக்கு மேல் போனால் நாள்பட்ட வலி என்பார்கள். புதிதாக வரும் முதுகுவலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். மூன்று மாதம் தாண்டிய பிறகு கணக்கு வேறு. அடிபட்ட சதையும் நரம்பும் ஆறியிருக்கலாம், ஆனால் வலி உணரும் அமைப்பு அதிகமாக விழித்துக்கொண்டே இருக்கும். தூக்கமில்லாமை, கவலை, நடக்கப் பயம் எல்லாம் அதற்குத் தீனி போடும். அதனால்தான் ஒரே மாத்திரையில் போவதில்லை.

எம்ஆர்ஐ எடுத்தாத்தானே என்னன்னு தெரியும்? டாக்டர் எழுதிக் கொடுக்க மாட்டேங்கிறாரே.

எனக்கும் முதலில் இதே கோபம்தான். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. முதுகுவலியில் பத்தில் ஒன்பது பேருக்கு 'இதோ, இந்த இடம்தான் காரணம்' என்று படத்தில் விரல் வைத்துக் காட்ட முடியாது. வலியே இல்லாத ஆட்களைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. வலியில்லாத 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் முதுகெலும்புத் தட்டு பிதுங்கியிருந்தது. தலை நரைப்பது போல அதுவும் வயதோடு வருவது.

படத்தில் 'டிஸ்க் பல்ஜ்' (தட்டுப் பிதுக்கம்) என்ற இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டு, குனியவே பயந்து, வீட்டிலேயே முடங்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். படம் தேவைப்படும் சில நிலைமைகள் உண்டு. அடுத்த கேள்வியில் வருபவை அவைதான்.

எந்த மாதிரி வலின்னா யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

இந்த ஒரு பதிலை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் கழிக்கவே முடியாமல் போவது. சைக்கிளில் உட்காரும்போது இருக்கையில் படும் இடம் மரத்துப்போவது. கால் திடீரென்று பலமிழப்பது. இதில் எது வந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நகர முடியவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம் அது. ஒரு நாள் தாமதித்தால்கூட நிரந்தரப் பாதிப்பு ஆகலாம்.

காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலி, படுத்தாலும் இரவெல்லாம் குறையாத வலி, விழுந்த பிறகு வரும் வலி ஆகியவற்றையும் சீக்கிரம் காட்டுங்கள். வயதான பெண்களுக்கு எலும்பு மெலிந்திருந்தால் லேசாகச் சறுக்கியதிலேயே முதுகெலும்பு நொறுங்கியிருக்கலாம். இவற்றில் ஒன்று இருக்கும்போது யாரிடமும் போய்ப் பிடித்துவிடச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

ஒரு வாரம் அசையாம படுத்து ரெஸ்ட் எடுத்தா சரியாகிடும்ல?

ஆகாது. ஒன்றிரண்டு நாளுக்கு மேல் படுத்தால் தசை தளர்ந்து இன்னும் மோசமாகும். வலியோடு மெல்ல நடமாடுவதுதான் நல்லது.

மாற்று வைத்தியம்னா எது எது? சிங்கப்பூர்ல எதுக்குச் சட்டப்படி பதிவு இருக்கு?

நம் ஆட்கள் போவது அக்குபங்சர் (ஊசிச் சிகிச்சை), சீன மசாஜ், கப்பிங் (தோலில் கிண்ணம் வைத்து உறிஞ்சுவது), ஆயுர்வேத எண்ணெய்ச் சிகிச்சை, சித்த வைத்தியத்தில் தொக்கணமும் (உடம்பு பிடித்துவிடுவது) வர்மமும் (உடம்பின் முக்கியப் புள்ளிகளைத் தொட்டு அழுத்துவது), கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் நெம்பி விடுவது), யோகா. இவற்றில் சீன மருத்துவத்துக்கு மட்டும் 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சீன மருத்துவரும் அக்குபங்சர் செய்பவரும் அதற்கான வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். வாரியத்தின் இணையப்பக்கத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கும் இதுபோலத் தனிப் பதிவு உண்டு. பிசியோ மாற்று வைத்தியம் இல்லைதான், ஆனால் பலர் அப்படி நினைப்பதால் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆயுர்வேதம், சித்தம், கைரோபிராக்டிக் ஆகியவற்றுக்கு அப்படிச் சட்டப்பூர்வப் பதிவு இங்கே இல்லை. அதனால் அவை கெட்டவை என்று ஆகிவிடாது. விசாரிக்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். ஆயுர்வேதம் என்றால் பி.ஏ.எம்.எஸ்., சித்தம் என்றால் பி.எஸ்.எம்.எஸ். என்று இந்தியாவில் ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதைப் படித்தவரா என்று நேராகவே கேளுங்கள். படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அக்குபங்சர் நிஜமா வேலை செய்யுதா, இல்லை மனசுக்குத்தானா?

2007இல் ஜெர்மனியில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேர். ஒரு குழுவுக்கு முறைப்படி அக்குபங்சர். இன்னொரு குழுவுக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது குழுவுக்கு மருந்து, பிசியோ, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். 'சும்மா' ஊசி போட்ட குழுவில் 44.2. வழக்கமான சிகிச்சையில் 27.4.

இதைப் பார்த்து 'அக்குபங்சர் புள்ளிகளில் ஒன்றுமில்லை' என்றும் சொல்லலாம், 'ஊசி உதவுகிறது' என்றும் சொல்லலாம். எனக்குப் படுவது இதுதான்: ஒருவர் அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டு, தொட்டு, படுக்க வைத்துக் கவனிப்பதிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது. 2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டியிலும் ஊசிச் சிகிச்சைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஊசி புதிதாகப் பிரித்த பாக்கெட்டிலிருந்து வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கப்பிங்குக்கும் அதே எச்சரிக்கை.

லிட்டில் இந்தியாவுல கடிவஸ்தி செய்றாங்களே, அது எப்படி? நல்லதா?

குப்புறப் படுக்க வைத்து, உளுந்து மாவைப் பிசைந்து கயிறு போல உருட்டி, இடுப்பில் வட்டமாக அணை கட்டுவார்கள். எண்ணெய் ஒழுகாதபடி மாவின் ஓரத்தை ஈரவிரலால் தோலோடு ஒட்ட வைத்துவிட்டு, அந்தக் கிண்ணத்துக்குள் இளஞ்சூடான தைலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். ஆறினால் பஞ்சில் தோய்த்துப் பிழிந்து எடுத்துவிட்டு மறுபடி சூடாக ஊற்றுவார்கள். அரைமணி, முக்கால்மணி நேரம் போகும். இறுகிக் கிடந்த இடுப்பு வெண்ணெய் மாதிரி இளகும். அந்தச் சுகம் உண்மை, நான் அனுபவித்திருக்கிறேன்.

எனக்கு அந்த இளக்கம் இரண்டு மூன்று நாள் நின்றது. அந்த இரண்டு மூன்று நாளை நடைக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்திக்கொண்டபோதுதான் பலன் தங்கியது. சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள், தோலில் புண் இருப்பவர்கள் சூட்டுச் சிகிச்சைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

பாட்டி சொன்ன உப்பு ஒத்தடம், கோடாலித் தைலம் இதெல்லாம் போதாதா?

கல்லுப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதும், நொச்சி இலையை வதக்கி வைப்பதும் நல்ல பழக்கம்தான். சூடு தசையைத் தளர்த்தும். அந்தத் துணி முடிச்சை முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள், பொறுக்க முடிந்தால்தான் முதுகில் வைக்கலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்குக் காலில் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். வெந்துபோனது அவருக்கே தெரியாது.

கோடாலித் தைலம் 1928இலிருந்து சிங்கப்பூரில் இருக்கிறது. நம் அலமாரியில் அது இல்லாத வீடு குறைவு. தைலத்தில் தப்பில்லை. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மருந்து சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும். இந்தத் தைலங்களிலும் வலிப் பிளாஸ்திரிகளிலும் இருக்கும் மீத்தைல் சாலிசிலேட் தோல் வழியாக உள்ளே போகும். நிறையத் தேய்த்தால் வார்ஃபரினின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். 'வெளியில்தானே பூசுகிறோம்' என்று நினைப்பதால் இதை யாரும் மருத்துவரிடம் சொல்வதேயில்லை.

எலும்பைச் சடக்குன்னு எடுத்து விடுறாங்களே, அது?

முதுகெலும்பைக் கையால் நெம்பி விடும் சிகிச்சை சிலருக்கு ஓரளவு உதவுகிறது. உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டியிலும் இருக்கிறது. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்துக்குள் காற்றுக் குமிழ் உண்டாவதால் வருவது. எலும்பு இடம் மாறி உட்கார்ந்த சத்தம் இல்லை. எலும்பு மெலிந்தவர்களுக்கும் மேலே சொன்ன அவசர அறிகுறி இருப்பவர்களுக்கும் கூடாது. கழுத்தைத் திடீரென்று திருப்பி விடுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். முதல் நாளே 40 முறைக்கு மொத்தப் பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இடுப்பு பெல்ட் போட்டுக்கலாமா?

நாள்பட்ட வலிக்கு வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டி. இழுவைச் சிகிச்சையும் மின்துடிப்புக் கருவியும் அதே பட்டியலில்தான்.

நடக்கிறதா, நீச்சலா, யோகாவா? எதைச் செய்றது?

எதை விடாமல் செய்வீர்களோ அதை. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2024இல் வெளிவந்தது. முதுகுவலி வந்து தேறியவர்களில் ஒரு குழுவுக்கு மட்டும் படிப்படியாக நடைப்பயிற்சியும் விளக்கமும் கொடுத்தார்கள். அந்தக் குழுவில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வருவதற்கு 208 நாள் ஆனது. பயிற்சி பெறாத குழுவில் 112 நாள். செலவே இல்லாத மருந்து. இங்கே பூங்கா இணைப்புப் பாதை இல்லாத பேட்டை உண்டா? வெயிலுக்குப் பயந்தால் காலை ஏழு மணிக்கு முன்னால் போங்கள்.

யோகாவும் பிசியோவுக்குச் சமமாக உதவுகிறது என்று 2017இல் 320 பேரை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. ஆனால் எல்லா ஆசனமும் எல்லாருக்கும் இல்லை. காலுக்கு மின்சாரம் மாதிரி வலி இறங்குபவர்கள் பச்சிமோத்தாசனம் போல முன்னால் மடங்குவதைத் தற்போதைக்கு விட்டுவிட்டு, ஆசிரியரிடம் சொல்லி மாற்று ஆசனம் கேளுங்கள். நீச்சல்குளத்தில் நீந்தத் தெரியாவிட்டாலும் மார்பளவு தண்ணீரில் நடக்கலாம். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஊர்லேர்ந்து தெரிஞ்சவர் கொண்டுவந்த மூலிகை மாத்திரை, ரெண்டே நாள்ல வலி பறந்துடுச்சு. தொடரலாமா?

இரண்டே நாளில் பறந்தது என்பதுதான் எனக்குக் கவலை. மூலிகை அவ்வளவு அவசரமாக வேலை செய்யாது. வலி மாத்திரை, ஜமு (மலாய் மூலிகை மருந்து), 'மூட்டுப் பொடி' என்று விற்பனையான பலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டுபிடித்துத் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டால் முகம் பௌர்ணமி நிலா மாதிரி உப்பும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு 'நன்றாகச் சதைபோட்டுவிட்டார்' என்று எல்லாரும் பாராட்டிய முகம் அப்படி வந்ததுதான்.

இன்னொன்று முக்கியம். பல வாரம் சாப்பிட்டிருந்தால் பயந்துபோய் இன்றைக்கே சட்டென்று நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டை உடம்பு நம்பப் பழகியிருந்தால் திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைத்து விடுவார்.

இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரே. சொல்லாமலே இருந்துட்டா என்ன?

நானும் சொல்லாமல்தான் இருந்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால் வலி தாங்காமல் மருத்துவமனையில் சேர்ந்தேன். சேரும்போது தாதி கேட்டார்: "வேறு மருந்து ஏதாவது? பாரம்பரிய மருந்து?" நான் "இல்லை" என்றேன். அன்று இரவு என்னைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது முதுகில் கப்பிங் வைத்த வட்டங்களை அவர் பார்த்துவிட்டார். முகம் சுளிக்கவில்லை. "இது எப்போது வைத்தது, அங்கிள்? குடிக்கவோ விழுங்கவோ ஏதும் கொடுத்தார்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை என்பதால் எல்லாம் வெளியே வந்தது. வேறொரு மருந்தகத்தில் வாங்கிய வலி மாத்திரையைத் தினமும் விழுங்கி வந்ததையும் சொன்னேன். அதே வகை மருந்தைத்தான் மறுநாள் காலையிலிருந்து எனக்குக் கொடுக்க எழுதியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், சிறுநீரகமும் கெடலாம். அவர் குறித்து வைத்து, அந்த இரவிலேயே மருத்துவரைக் கூப்பிட்டு மாற்றச் செய்தார்.

அதனால் என் பதில்: மருத்துவரிடம் சொல்லத் தயக்கமா, தாதியிடம் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் டப்பாவைப் படம் பிடித்துக் காட்டுங்கள்.

வலி பத்துக்கு எத்தனைன்னு மிஸ்ஸி (தாதி) கேக்குறாங்க. என்ன சொல்றதுன்னே தெரியலை.

நம் ஆட்களுக்கு, அதிலும் பெரியவர்களுக்கு, 'பரவாயில்லம்மா' என்பதுதான் வாயில் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு 'இரண்டு' என்பார்கள். அக்கா இதைச் சொல்லிச் சொல்லி ஆதங்கப்படுவார். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் உங்களால் நினைத்துப் பார்க்க முடிந்த மிக மோசமான வலி. யாருடைய வலியோடும் ஒப்பிட வேண்டாம். நேற்றைய உங்கள் வலியோடு இன்றைய உங்கள் வலியை ஒப்பிடத்தான் அந்த எண்.

எண் வராவிட்டால் செயலைச் சொல்லுங்கள். "கழிவறைக்கு நடக்க முடிகிறது, ஆனால் உட்கார்ந்து எழ முடியவில்லை." "திரும்பிப் படுத்தால் விழித்துக்கொள்கிறேன்." இது எண்ணைவிடப் பயன்படும். மருந்து கொடுத்துவிட்டுத் தாதி மறுபடியும் வந்து கேட்பது தொல்லை கொடுக்க இல்லை. மருந்து வேலை செய்ததா என்று பார்த்து எழுதுவதற்கு.

தாதின்னா ஊசி போடுறவங்க, மருந்து கொடுக்கிறவங்க. முதுகுவலியில அவங்களுக்குப் பெருசா என்ன வேலை?

மருத்துவர் வார்டில் உங்களிடம் இருப்பது சில நிமிடம். மீதி 24 மணி நேரமும் தாதியர்தான். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். முதுகு அடிபட்டவரைத் திருப்பும்போது உடம்பு முறுக்காமல், ஒரே மரக்கட்டை மாதிரி உருள வேண்டும். அதிகாலை இரண்டு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். முதலில் கட்டிலை உயர்த்தினார்கள். என் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. ஒருவர் தோளிலும் இடுப்பிலும், ஒருவர் தொடையிலும் கை வைத்தார்கள். மூத்தவர் என் சிறுநீர்க் குழாயையும் கைத்தொலைபேசி வயரையும் எதுவும் இழுபடாதபடி மறுபக்கம் எடுத்துப் போட்டுவிட்டு, "ஒன், டூ, திரீ" என்றார். திரும்பிவிட்டேன். வலி எழுந்திருக்க வேண்டிய இடத்தில் எழவில்லை. அந்த வயரை எடுத்துப் போட்ட கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

திருப்பும் அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் என் முதுகுத் தோல் சிவந்திருக்கிறதா, கால் விரல் அசைகிறதா, மரத்துப்போயிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டார்கள். மேலே சொன்ன அவசர அறிகுறிகளை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் தாதிதான். முதல் முறை எழுந்து நின்றபோது பின்னால் இடுப்பருகே கை வைத்து நின்றவரும் தாதிதான்.

தாதியருக்கே முதுகுவலி வருமாமே?

வரும், நிறைய வரும். மருத்துவமனைகளில் அதிகம் முதுகு கெடும் வேலைகளில் தாதி வேலையும் ஒன்று. நான் கிடங்கில் தூக்கிய பெட்டிக்குப் பிடியும் உண்டு, அளவும் உண்டு. மனிதர் அப்படியில்லை, நழுவுவார், பயந்துபோய் இழுப்பார், நடுவழியில் கால் மடங்குவார். அக்காவுக்கு 45 வயதிலேயே இடுப்பு போய்விட்டது. அன்று கட்டிலை உயர்த்தியது எனக்காக என்று நினைத்திருந்தேன். "உனக்கில்லடா, அவங்க குனியாம இருக்க" என்று அக்கா சொன்னபோதுதான் தெரிந்தது.

நோயாளியாக நாம் செய்யக்கூடியது இருக்கிறது. நகர்த்தும்போது, முடிந்தால் முழங்காலை மடக்கிப் பாதத்தால் கட்டிலை உந்துங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். எழும்போது தாதியின் கழுத்தைக் கட்டிப் பிடிக்காதீர்கள். உங்கள் முழு எடையும் அவர் கழுத்திலும் முதுகிலும் இறங்கும். வழுக்கு விரிப்போ தூக்கும் கருவியோ கொண்டுவந்தால் 'நான் என்ன சாமானா' என்று மறுக்காதீர்கள். இரண்டு முதுகையும் காப்பாற்றும் கருவி அது.

மிஸ்ஸின்னு கூப்பிடலாமா? தமிழ்ல பேசினா புரியுமா?

'மிஸ்ஸி' பழைய சிங்கப்பூர் வழக்கம், அன்பாகத்தான் வந்தது. ஆனால் சட்டையில் பெயர் அட்டை இருக்கிறது. ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், முகம் மலரும். ஆண் தாதியரும் இருக்கிறார்கள், அவர்களை 'பாய்' என்று அழைக்காதீர்கள். பிலிப்பீன்ஸ், மியன்மார், சீனா, மலேசியா, இந்தியா என்று பல இடங்களிலிருந்து வந்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்தவர் அந்த நேரத்தில் இல்லாமல் போகலாம். அதனால் 'வலி, மரத்துப்போகிறது, எரிகிறது, தலைசுற்றல்' போன்ற சொற்களை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி அம்மா அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள். எங்கள் புளோக்கில் பலர் இதைச் செய்கிறார்கள்.

பெல் அடிச்சு 20 நிமிஷம் ஆச்சு, யாரும் வரலை. கோபம் வராதா?

வரும். வலியில் 20 நிமிடம் இரண்டு மணி நேரம். ஆனால் அந்த நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் யாருக்கோ மூச்சு நின்றுகொண்டிருக்கலாம். மருந்து நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே சொல்லி வைப்பதும், வந்தவரிடம் இரண்டு மூன்று தேவையைச் சேர்த்துச் சொல்வதும் உதவும். குறை உண்மையிலேயே இருந்தால் வார்டின் மூத்த தாதியிடம் பேசுங்கள்.

கத்துவதும் மிரட்டுவதும் வேறு விஷயம். பொதுச் சேவையில் இருப்பவர்களை, தாதியரையும் சேர்த்து, வேலை நேரத்தில் மிரட்டினாலோ ஏசினாலோ 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டப்படி 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் இருப்பதால் மட்டும் சொல்லவில்லை. அக்கா ஒருநாள் வேலை முடிந்து வந்து, ஒரு நோயாளியின் மகன் சொன்ன ஒரு வார்த்தைக்காகச் சாப்பிடாமல் படுத்தது எனக்கு மறக்கவில்லை.

நன்றி சொல்ல அங்பாவ் கொடுக்கலாமா?

பணம் வேண்டாம். வாங்கினால் அவர்களுக்குத்தான் சிக்கல். அதைவிடப் பலமான ஒன்று இருக்கிறது: மருத்துவமனையின் பாராட்டுப் படிவம். பெயர், வார்டு எண், தேதி, அவர் செய்த ஒரு காரியம், இந்த நான்கையும் எழுதுங்கள். 'எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்' என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் போய்ச் சேராது. 'இரவு இரண்டு மணிக்கு என் குழாய் இழுபடாமல் எடுத்து வைத்தார்' என்று எழுதினால் அது அவருடைய பதிவில் நிற்கும். அக்கா தனக்கு வந்த மூன்று கடிதங்களை இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். ஒன்று தமிழில் எழுதியது.

சிங்கப்பூரில் தாதியர் தினம் ஆகஸ்ட் 1. 1885இல் அந்த நாளில்தான் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் சிப்பாய் லைன்ஸ் பொது மருத்துவமனையில் தாதியராகப் பணியைத் தொடங்கினார்கள். அனைத்துலகத் தாதியர் தினம் மே 12. இரண்டு நாளும் தவறிப்போனால் வீடு திரும்பும் நாளே போதும்.

சீன மருத்துவத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் காசு நிறைய ஆகுதே. குறைக்க வழி இருக்கா?

பொதுவாகக் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும். வேலையிடக் காப்புறுதியில் சிலருக்குக் கொஞ்சம் கிடைக்கும், மனிதவளப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம் மதம் பார்க்காமல் இலவசமாகச் சீன வைத்தியம் செய்கிறது. நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. பிசியோவுக்கு முதலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். நேராகத் தனியாரிடம் போவதற்கும் மானியத்தோடு போவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம்.

எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு, போகவே இல்லை. ஆபரேஷன்தானா?

காலில் பலம் குறைந்துகொண்டே போகிறது, நரம்பு நசுங்குவது படத்தில் தெளிவாகத் தெரிகிறது என்றால் அறுவைக்கு அர்த்தம் உண்டு. வெறும் இடுப்புவலிக்கு அறுவை பெரும்பாலும் பதிலாவதில்லை. வலிக்கென்றே தனி சிகிச்சைப் பிரிவுகள் பெரிய மருத்துவமனைகளில் உள்ளன. அங்கே மருத்துவர், பிசியோ, உளவியல் நிபுணர், தாதி எல்லாரும் சேர்ந்து பார்ப்பார்கள். உளவியல் என்றதும் 'எனக்குப் பைத்தியமா' என்று திரும்பி வராதீர்கள். முதல் பதிலில் சொன்ன அந்த விழித்துக்கொண்டே இருக்கும் அமைப்பை அமைதிப்படுத்த அதுவும் ஒரு வழி, ஆய்வில் தேறிய வழி.

நான் வலியை அளப்பதை விட்டுவிட்டு, செய்ய முடிந்ததை அளக்க ஆரம்பித்தேன். முதல் மாதம் கீழே காப்பிக்கடை வரை. மூன்றாம் மாதம் எம்ஆர்டி நிலையம் வரை. இப்போதும் வலி இருக்கிறது, மூன்று அல்லது நான்கு. ஆனால் தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்த மனைவியோடு வழி முழுக்க நடந்தேன்.

வீட்டுல படுக்கையா இருக்கிற அம்மாவைத் தூக்கித் தூக்கி எனக்கும் இடுப்பு போச்சு. என்ன செய்றது, அண்ணே?

இந்தக் கேள்வி வருடா வருடம் கூடிக்கொண்டே வருகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். முதலில், தனியாகத் தூக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். தூக்காமல் உருட்டுவது, வழுக்கு விரிப்பில் இழுப்பது, கட்டிலை உயர்த்திக்கொள்வது எல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. உயரம் மாற்றும் கட்டில் வாடகைக்கும் கிடைக்கும். பராமரிப்பாளர் பயிற்சிக்கு அரசாங்க மானியம் உண்டு, பணிப்பெண்ணையும் அனுப்பலாம்.

அம்மா மருத்துவமனையில் இருக்கும்போதே, வீட்டுக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்னால் தாதியிடம் கேளுங்கள்: "எப்படித் திருப்புவது என்று காட்டுங்கள், நான் செய்கிறேன், நீங்கள் பாருங்கள்." அவர் காட்டும்போது படம் பிடிக்க அனுமதி கேளுங்கள். அப்புறம் உங்கள் கையால் மூன்று முறை செய்து காட்டுங்கள். என் மாமியாருக்காக நான் அப்படிக் கற்றுக்கொண்டபோது, அந்தத் தாதி என் கையைத் திருத்துவதற்கு முன்னால் என் காலைத்தான் திருத்தினார். "பாதத்தை அகட்டி வையுங்கள் அங்கிள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இப்போது முழங்காலை மடக்குங்கள். முதுகை விட்டுவிடுங்கள், காலால் தள்ளுங்கள்."